நுரையீரல் புற்றுநோயும் பினாங்கு இளையோரும்: ஒரு விழிப்புணர்வின் வரலாறு

நுரையீரல் புற்றுநோய் பெரும்பாலும் ஐம்பது வயதுக்குப் பிறகே வெளிப்படுகிறது. அதற்கு முதற்காரணமான புகைப்பழக்கமோ பள்ளிப் பருவத்திலேயே தொற்றிக்கொள்கிறது. இடையில் பல பத்தாண்டுகள் ஓடிவிடுவதால், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இந்த நோய் தன்னுடையதாகத் தோன்றுவதில்லை. பினாங்கில் நடந்த புகையிலை எதிர்ப்பின் தனிச்சிறப்பு, நோயைக் காட்டி அச்சுறுத்துவதோடு நில்லாமல், பழக்கத்தை விற்பவர் யார் என்பதையும் இளையோர்முன் வைத்ததே என்பது இக்கட்டுரையின் துணிபு.

சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகியோரும் அமெரிக்காவில் விண்டர், கிரஹாம் ஆகியோரும் நிறுவினர். 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை அதை உலகறியச் செய்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 1970ஐ ஒட்டி, ஜார்ஜ்டவுனில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் உருவானது. எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019 மே மாதம் மறையும்வரை அதன் தலைவராக இருந்தார். சங்கத்தின் இதழ் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் வெளிவந்தது. உணவுக் கலப்படம், பூச்சிக்கொல்லி ஆகியவற்றோடு சிகரெட்டையும் சேர்த்தே பேசியதால், புகைப்பது ஒருவரின் ஒழுக்கக் குறை என்ற பார்வை விலகி, அது ஒரு வணிகத்தின் விளைவு என்ற பார்வை வந்தது. இதை நான் பெரிய திருப்பமாகக் கருதுகிறேன்.

இளையோரின் முக்கியத்துவத்தை சிகரெட் நிறுவனங்கள் முன்பே அறிந்திருந்தன. 1982இல் மலேசிய அரசுத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் நேரடி சிகரெட் விளம்பரம் தடைசெய்யப்பட்டது. உடனே சிகரெட் பெயர்கள் வேறு வழியாக உள்ளே வந்தன: சுற்றுலா நிறுவனத்தின் பெயரில் பீட்டர் ஸ்டைவசன்ட், இசை நிகழ்ச்சியின் பெயரில் சேலம், கால்பந்தின் பெயரில் டன்ஹில். 1989 முதல் 2004 வரை மலேசியக் கால்பந்து லீக்கின் ஆதரவாளர் டன்ஹில்தான். 1998இல் பினாங்கு லீக் பட்டத்தை வென்றது. சிட்டி ஸ்டேடியத்தில் தொண்டை வறளக் கத்திய பள்ளி மாணவன் கொண்டாடிய அந்த வெற்றியோடும் ஒரு சிகரெட்டின் பெயர் ஒட்டியிருந்தது. தடுப்புப் பிரசாரம் எதனோடு போட்டியிட வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதே காலத்தில் இந்நிறுவனங்களே 'இளையோர் புகைக்கக் கூடாது' என்று பிரசாரமும் நடத்தின. அமெரிக்க வழக்குகளால் வெளிவந்த அவற்றின் உள் ஆவணங்களைப் பயனீட்டாளர் சங்கத்தில் பணியாற்றிய மேரி அசுந்தா, ஆய்வாளர் சைமன் சேப்மனுடன் சேர்ந்து ஆராய்ந்தார். 2004இல் 'டொபாக்கோ கன்ட்ரோல்' ஆய்விதழில் அக்கட்டுரை வெளிவந்தது. அரசின் கடுமையான சட்டங்களைத் தவிர்ப்பதே அந்தப் பிரசாரத்தின் நோக்கம் என்பது அதன் முடிவு. மாணவர்களிடம் விழிப்புணர்வு பேசுவோர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஆய்வு அது.

பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்பாட்டை மலேசியா 2005இல் உறுதிசெய்தது. 2009இல் பெட்டிகளில் எச்சரிக்கைப் படங்கள் வந்தன. 2010இல் இருபதுக்கும் குறைவான சிகரெட் கொண்ட சிறு பெட்டிகள் ஒழிந்தன. பள்ளிப் பிள்ளையின் கைச்செலவுக்குக் கட்டுப்படியான பெட்டிகள் அவைதாம். 2019 ஜனவரி முதல் மாமாக் கடைகள் உட்பட எல்லா உணவகங்களிலும் புகைக்கத் தடை.

ஆனால் பண்டம் மாறியது. தேசியச் சுகாதார ஆய்வின்படி, 2017இல் 13.8 விழுக்காடாக இருந்த பதின்வயதினரின் சிகரெட் பழக்கம் 2022இல் 6.2ஆகக் குறைந்தது; வேப் (மின்சிகரெட்) பழக்கமோ 9.8இலிருந்து 14.9ஆக ஏறியது. 2023 மார்ச் 31இல், வேப்பில் பயன்படும் திரவ நிகோடின் நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. புகைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் புதிய சட்டம் 2024 அக்டோபர் முதல் தேதி நடைமுறைக்கு வரும்வரை, பதினெட்டு மாதங்கள், சிறுவருக்கு வேப் விற்பதைத் தடுக்கும் கூட்டரசுச் சட்டம் இல்லை. இதை மன்னிக்கத்தக்க தாமதம் என்று என்னால் எழுத முடியவில்லை.

இந்த வரலாற்றில் ஒரு பெரிய விடுபடலும் உண்டு. புகையிலையைப் பேசிய அளவுக்குப் புற்றுநோயைப் பேசவில்லை. மலேசியாவில் நுரையீரல் புற்றுநோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் நோய் கண்டறியப்படுகிறது. நெடுங்காலம் அதிகம் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் செய்தால் அந்நோயால் வரும் மரணம் ஏறத்தாழ 20 விழுக்காடு குறையும் என்று 2011இலேயே அமெரிக்க ஆய்வு காட்டியது. வீட்டில் இருமும் அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் பொறுப்பைப் பிள்ளைகள் ஏற்கலாம். புகைக்காதவர்க்கும் இந்நோய் வருவதால் அம்மாவின் இருமலையும் அலட்சியம் செய்யலாகாது.

2007 முதல் பிறந்தோருக்குப் புகையிலை விற்பனையையே நிரந்தரமாகத் தடுக்கும் பிரிவு, புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கான 2022 மசோதாவில் இருந்தது. 2023 நவம்பரில் நிறைவேறிய மசோதாவில் அது இல்லை. அரசியலமைப்பின் சமத்துவ விதிக்கு அது முரண்படலாம் என்று காரணம் கூறப்பட்டது. அந்தத் தலைமுறையின் மூத்தவர்கள் 2025இல் பதினெட்டை எட்டினர். சிகரெட் வாங்கும் உரிமையும் வாக்குரிமையும் ஒரே ஆண்டில் அவர்களுக்குக் கிடைத்தன. அடுத்த பொதுத்தேர்தலில் வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம், கைவிட்ட அந்தப் பிரிவை மீண்டும் கொண்டுவருவீர்களா என்று பினாங்கின் இளம் வாக்காளர்கள் கேட்க வேண்டும்.