வாந்திப் பையில் எழுதிய பாராட்டு

அதைப் பாராட்டுச் சீட்டு என்று சொல்வதே அதிகம். விமானத்தில் முன் இருக்கையின் முதுகுப் பையில், வாந்தி வந்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று செருகி வைத்திருக்கும் வெள்ளைக் காகிதப் பை அது. அதன் பின்புறத்தில் நீல மையில் எட்டு வரிகள். தமிழில் தொடங்கி, பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவி, கடைசியில் மறுபடி தமிழுக்கே வந்து சேர்கிறது. எழுதியவர் அந்தமானிலிருந்து தாயாரைக் கண் அறுவை சிகிச்சைக்காகச் சென்னைக்குக் கூட்டிவந்த ஒரு மகன். கையில் காகிதமும் இல்லை, பேனாவும் இல்லை. யாரைப் பாராட்ட நினைத்தாரோ அந்தப் பெண்ணிடமே பேனாவை வாங்கி எழுதியிருக்கிறார்.

அந்தப் பெண் பள்ளிக்கரணையில் எங்கள் அடுக்ககத்தில் குடியிருக்கிறாள். இரண்டாம் மாடியில் அவளும் அவளைப் போலவே பறக்கிற வேறு சில பெண்களும் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருக்கிறார்கள். வாடகை கட்டுப்படியாகும், ரேடியல் ரோட்டில் ஏறினால் கீழ்க்கட்டளை, பல்லாவரம், ஜி.எஸ்.டி. ரோடு, விமான நிலையம். அதிகாலை இரண்டரை மணிக்குப் பிக்கப் வண்டி வந்து நிற்கும். பெருங்குடிக் குப்பைமேட்டுக் காற்று இந்தப் பக்கம் திரும்பியிருக்கும் நாட்களில், கொண்டை கலையாமல் துப்பட்டாவால் மூக்கை மட்டும் பொத்திக்கொண்டு ஓடிப்போய் வண்டியில் ஏறுவாள். பாலித்தீன் உறைகள் கொண்ட ஒரு ஃபைலைக் காட்டி, “இதெல்லாம் என் சொத்து அங்கிள்” என்று சிரித்தாள். அதில்தான் அந்தப் பை இருந்தது.

எட்டு வரியில் அந்த மகன் எழுதியிருந்தது இதுதான்: அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏணிப்படி ஏற முடியவில்லை, இந்தப் பெண் கையைப் பிடித்து ஏற்றினாள், பையை வாங்கி மேலே வைத்தாள், ஜன்னலோரம் இருந்தவரிடம் பேசி இடம் மாற்றிக் கொடுத்தாள், பெல்ட்டை எப்படிப் போடுவது என்று அம்மாவுக்குப் புரியும்படி தமிழில் சொன்னாள். இத்தனையும் நடந்தது விமானத்தின் கதவு மூடுவதற்கு முன்னால். இதை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பை முதலில் போய்ச் சேர்ந்தது அன்றைய விமானத்தில் மூத்த பணியாளராக இருந்தவரின் கைக்கு. அவர் அதைப் போன் கேமராவில் படமெடுத்து, பயண அறிக்கையோடு சேர்த்து அனுப்பினார். சென்னை ‘பேஸ்’ வாட்ஸ்அப் குழுவில் படம் விழுந்தது. கைதட்டல்கள், இதயங்கள், ஒரு ‘கீப் இட் அப்’. அங்கிருந்து வடக்கே தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று. தமிழ் வரிகளை அங்கே யாரும் படித்திருக்க வழியில்லை. நடுவில் இருந்த ஆங்கில வரிகள் போதுமானதாக இருந்திருக்கின்றன. மூன்றாம் வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதோடு அவள் பெயரை இடைவெளியில் நிரப்பிய சான்றிதழ் ஒன்றும், ஒரு உணவகத்துக்கான பரிசுக் கூப்பனும். கூப்பன் செல்லுபடியாகும் தேதிக்குள் அவளுக்குக் கிடைத்த விடுப்பு நாட்களில் அவள் தூங்கினாள்.

இது பழைய பாணி. இப்போது பெரும்பாலான பாராட்டுகள் காகிதத்தில் பிறப்பதில்லை. இறங்கி, பெல்ட்டில் பெட்டிக்காகக் காத்திருக்கும்போதே போனில் ஒரு கேள்வி வந்து நிற்கும்: எங்களை உங்கள் நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணைச் சொல்லுங்கள். இந்தக் கேள்விக்கு ஒரு தகப்பன் உண்டு. ஃபிரெட் ரைக்ஹெல்ட் என்ற அமெரிக்க ஆலோசகர் 2003 டிசம்பரில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது இது. கணக்கு இப்படிப் போகிறது: ஒன்பதும் பத்தும் போட்டவர்கள் மட்டுமே ஆதரவாளர்கள். ஏழும் எட்டும் போட்டவர்கள் கணக்கிலேயே இல்லை. ஆறும் அதற்குக் கீழும் எதிரிகள்; ஆதரவாளர் விகிதத்திலிருந்து அவர்களைக் கழித்துவிட வேண்டும்.

இது நம் ஊருக்கு வந்தபோது என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அறுபது வாங்கினால் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று வளர்ந்த தலைமுறை நாம். தமிழ் வாத்தியார் நூற்றுக்கு எண்பது போட்டால் தெருவே பேசிய காலம் உண்டு. முழு மதிப்பெண் போட்டால் வாத்தியார் மேல்தான் சந்தேகம் வரும். தாம்பரத்தில் ஓய்வு வாழ்க்கை வாழும் ஒரு ஆசிரியர் மதுரையிலிருந்து பறந்து வந்து, மனநிறைவோடு, பெரிய மனது பண்ணி எட்டு போடுகிறார். அந்த எட்டு எங்கும் சேராமல் காற்றோடு போகிறது. “நல்லாத்தான் இருந்தது, இட்லிதான் கொஞ்சம் ஆறிப்போச்சு” என்று ஆறு போடுகிறார் இன்னொருவர். அவர் எதிரி. அவர் ஃபர்ஸ்ட் கிளாஸ் கொடுத்ததாகத்தான் நினைத்துக்கொண்டு வீடு போய்ச் சேருகிறார். எங்கள் மாடிப் பெண் சொன்னாள்: “மாசக் கூட்டத்துல எங்க செக்டர் ஸ்கோர் கம்மின்னு காட்டுவாங்க. பேசஞ்சர் எல்லாரும் நல்லாத்தானே பேசிட்டு இறங்கினாங்கன்னு எங்களுக்கு ஒண்ணுமே புரியாது.”

அமெரிக்காவில் பாராட்டைப் பரிசாக மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். யுனைடெட் ஏர்லைன்ஸில் அடிக்கடி பறக்கும் உறுப்பினர்கள் தங்களுக்கு நன்றாகப் பணிசெய்த ஊழியரின் பெயரைப் பதிந்து அனுப்பலாம். பெயர்களைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். ஊழியருக்குப் பணம், பாராட்டிய பயணிக்கு மைல்கள். நன்றாக வேலை செய்ததற்குக் கிடைப்பது ஊதியமல்ல, குலுக்கலில் ஒரு சீட்டு. தமிழ்நாடு 2003-ல் லாட்டரியைத் தடை செய்த மாநிலம் என்பது இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது. வேறு சில நிறுவனங்கள் உயர்நிலை உறுப்பினர்களின் கையில் பாராட்டுச் சீட்டுகளைக் கொடுத்து வைத்து, ஊழியர்களுக்கு அவற்றைப் புள்ளிகளாக மாற்றித் தந்தன. பாராட்டுகிற உரிமைகூட அடிக்கடி பறப்பவருக்குத்தான். அந்தமான் அம்மாவுக்கும் மகனுக்கும் அந்தத் திட்டத்தில் இடமே இருக்காது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பயணி எதைப் பார்க்கிறாரோ அதைத்தான் பாராட்ட முடியும். 186 இருக்கைகள் கொண்ட ஏர்பஸ் ஏ320-ல் நான்கு பணியாளர்கள். ஐம்பது இருக்கைக்கு ஒருவர் என்பது விதி. வாசலில் நின்று வணக்கம் சொல்பவரின் முகமும் பெயர்ப் பட்டையும் எல்லோர் கண்ணிலும் படும். பின்கோடியில் குப்பைப் பைகளைக் கட்டிக்கொண்டும் கழிப்பறையைத் துடைத்துக்கொண்டும் நிற்பவரை யாருக்கும் தெரியாது. அவர்கள் நால்வரும் அங்கே இருப்பதன் முதல் காரணம் தேநீர் அல்ல, 90 விநாடியில் எல்லோரையும் வெளியேற்றும் திறமை என்பது இன்னும் குறைவான பேருக்கே தெரியும். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா ஓடுபாதையில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் கடலோரக் காவல் படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தபோது, அதில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அன்று அந்தப் பணியாளர்கள் செய்ததை அளக்க பத்துக்கு எத்தனை என்ற கேள்வி உதவாது. 1986 செப்டம்பரில் கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் பயணிகளைக் காத்து உயிரை விட்ட நீரஜா பனோட்டுக்கு அசோக சக்கரம் கிடைத்தது. அவர் அன்று உயிரோடு திரும்பியிருந்தால் எத்தனை வரி எழுதியிருப்போம் என்று தெரியாது.

சரி, நம் பை என்ன ஆயிற்று? அது உண்மையில் வேலை செய்த நாள் வேறு. விமானம் குலுங்கிக்கொண்டிருந்தது, பெல்ட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு பயணி குழந்தைப் பாலுக்கு வெந்நீர் கேட்டார். இப்போது கொண்டுவர முடியாது, கொஞ்சம் பொறுங்கள் என்றாள் இவள். விதியும் அதுதான்; குலுங்கும்போது கொதிநீர் கையில் இருந்தால் குழந்தை மேல்தான் கொட்டும். தரையிறங்கியதும் அந்தப் பயணி, ஈவிரக்கமில்லாமல் பேசினாள் என்று நிறுவனத்தை ‘டேக்’ செய்து எழுதினார். பாராட்டு தலைமை அலுவலகத்துக்குப் போய்த் திரும்ப மூன்று வாரம் எடுத்தது. புகார் அன்று மாலையே போய்த் திரும்பிவிட்டது. ரோஸ்டரிலிருந்து பெயரை எடுத்தார்கள், விளக்கம் கேட்டார்கள். பறக்காத நாளுக்குப் பறக்கும் படி கிடையாது. விளக்கக் கடிதத்தோடு அவள் ஃபைலிலிருந்து பாராட்டுகளின் நகலை இணைத்தாள். மேலே இந்த வாந்திப் பை. மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, “சரி, இனிமே பார்த்துப் பேசு” என்று அனுப்பிவிட்டார். எச்சரிக்கைக் கடிதம் வரவில்லை.

ஆகவே என் கணக்கில் இந்தத் திட்டங்கள் கொடுப்பது வெகுமதி இல்லை, கேடயம். வருடக்கணக்காகச் சேர்த்த நல்ல பெயரைச் செலவழித்து ஒரு கெட்ட பெயரைத் தட்டிவிடலாம். அதைக் குறைத்தும் சொல்ல மாட்டேன். அவளுக்கு அன்று அது தேவைப்பட்டது. ஆனால் சம்பளம் கூடியதா? ரோஸ்டரில் ஒரு தீபாவளி விடுப்பாவது கூடக் கிடைத்ததா? இல்லை.

சம்பளத்துக்கு வருவோம். இந்தத் தொழிலில் வருமானத்தின் பெரும் பங்கு பறக்கும் மணிக்கணக்கில் வருகிறது. பல நிறுவனங்களில் அந்த மணி, விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரும்போது ஓடத் தொடங்கி, போய் நிற்கும் இடத்தில் நின்றுவிடும். மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது; மீனம்பாக்கம் ஓடுபாதையும் மூடப்பட்டது. அந்த மாதச் சம்பளச் சீட்டு இளைத்துப்போனதை யாரும் பார்க்கவில்லை. புயலை விடுங்கள். பயணிகள் ஏறும் நேரத்துக்கு அந்த மணி ஓடுவதில்லை. படியில் ஏற்றிவிட்டது, பையைத் தூக்கியது, இடம் மாற்றியது, பெல்ட் சொல்லிக்கொடுத்தது என்று அந்த மகன் எட்டு வரியில் நன்றி சொன்ன அத்தனை வேலையும் கூலி ஓடாத நேரத்தில் நடந்தது.

வெளிநாடுகளில் இதை மாற்றியது பாராட்டுக் கடிதங்கள் அல்ல. டெல்டா ஏர்லைன்ஸ் 2022-ல் பயணிகள் ஏறும் நேரத்துக்குப் பாதி விகிதத்தில் ஊதியம் கொடுக்கத் தொடங்கியது. அங்கே பணியாளர்களைச் சங்கத்தில் சேர்க்கும் முயற்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் பத்தாயிரம் பணியாளர்கள், தரையில் செய்யும் வேலைக்குக் கூலி இல்லை என்பதை முன்வைத்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரசு வேலைக்குத் திரும்பச் சொல்லி உத்தரவிட்டும் உடனே திரும்பவில்லை. முடிவில் தரை வேலைக்கும் ஊதியம் என்பது ஒப்பந்தத்தில் ஏறியது. நம் நாட்டிலும் அப்படித்தான். முதல் முறை கர்ப்பமானாலே ஏர் இந்தியா பணிப்பெண்ணின் வேலை போய்விடும் என்ற விதியை நீக்கியது 1981-ல் நர்கேஷ் மீர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம். அந்தப் பெண்கள் அதுவரை பயணிகளிடம் எத்தனையோ நன்றிக் கடிதங்கள் வாங்கியிருப்பார்கள். ஒன்றும் அந்த விதியை அசைக்கவில்லை.

போன மாதம் அவள் ஒரு வளைகுடா விமான நிறுவனத்தின் ஆள்தேர்வுக்குப் போய்வந்தாள். கால் நுனியில் நின்று 212 சென்டிமீட்டர் உயரத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னார்களாம், தொட்டாள். ஃபைலைக் கையில் கொண்டுபோயிருந்தாள். யாரும் கேட்கவில்லை.

நான் அடுத்த வாரம் கோவை போகிறேன், ஏதாவது எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். “கண்டிப்பா எழுதுங்க அங்கிள். ஃபிளைட் நம்பர், தேதி, நாலு பேர் பேரும் போடுங்க, பின்னாடி நிக்கிறவங்க பேரும்” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, “போர்டிங்ல என்ன உதவி செஞ்சாங்கன்னு எழுதும்போது மணியையும் சேர்த்து எழுதிடுங்க. என்னைக்காவது ஒருநாள் யாராவது கூட்டிப் பார்ப்பாங்க இல்லையா.”