கிரீன்ஸ்டெட் மர ஆலயத்தின் வயது

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலே, கிரீன்ஸ்டெட் என்னும் சிற்றூரில் உள்ள பரிசுத்த அந்திரேயாவின் ஆலயத்து நடுக்கூடச் சுவர் கல்லன்று. நெடுக்காகப் பிளந்த கர்வாலி மரங்கள், தட்டையான முகம் உள்ளும் வளைந்த முகம் வெளியுமாக நெருக்கி நிறுத்தப்பட்டுள்ளன.

இச்சுவர் 845ஆம் ஆண்டினது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. நூல்களும் அவ்வாறே எழுதின. 1990களில் மரவளையங்களை ஆராய்ந்தோர், இம்மரங்கள் 1063க்குமுன் வெட்டப்பட்டவையல்ல என்று கண்டனர். இருநூறாண்டுப் பெருமை கழிந்தது! திருச்சபை வரலாறு எழுதுவோர் இதனைத் தயங்காது ஏற்பதே நேர்மை. நார்மானியர் 1066இல் வந்து கல்லாலயங்களைப் பெருக்கிய காலத்தை ஒட்டியும், இச்சிற்றூரில் சாக்சனியரின் தச்சுமுறை நிலைத்திருந்தது என்பது சிறிய செய்தியன்று.

மேலும், 1960இல் நடந்த அகழ்வில், பிற்காலத்துச் செங்கல் திருப்பீடப் பகுதியின் அடியில் முந்திய மரக்கட்டடச் சுவடுகள் கிடைத்தன. கட்டடத்தின் வயது வேறு, அவ்விடத்து ஆராதனையின் வயது வேறு. மரங்களைத் தாங்கும் செங்கல் அடித்தளமோ, உளுத்த அடிமுனைகளை அறுத்துவிட்டு 1848இல் இடப்பட்டதே.