மயிர்த்துளைக் குழாயும் நெடுஞ்சங்கிலி மூலக்கூறும்

இறப்பர், பருத்தி முதலியன சிறு மூலக்கூறுகளின் வெறுந் திரள்கள் என்றே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரசாயனவியலார் பலர் கருதினர். 1920ஆம் ஆண்டில் ஹேர்மன் ஸ்ரௌடிங்கர் என்னும் ஜேர்மானிய அறிஞர் இதனை மறுத்து, சிறு மூலக்கூறுகள் இரசாயனப் பிணைப்பாற் கோவையுற்று நெடுஞ்சங்கிலியாதலே பல்பகுதியமாதல் என்றார். அதனை ஏற்க மறுத்தோர் பலர்.

பின்னர்ப் பிறைபேர்க் ஆய்வுகூடத்தில் அவர் பெரிதும் நம்பிய கருவி, கண்ணாடியாலான மயிர்த்துளைக் குழாய். கரைசல் அதன் இரு குறிகளுக்கிடையே இறங்கும் நேரத்தைத் தூய கரைப்பானுக்குரிய நேரத்தோடு ஒப்பிட்டார். சங்கிலி நீளுந்தோறும் பாகுத்தன்மை மிக்கு ஓட்டம் தாமதித்தது. பாகுத்தன்மை மூலக்கூற்று நிறைக்கு நேர்விகிதசமன் என்ற அவர்தம் விதி பிற்காலத்தே திருத்தப்பட்டது. அளவீட்டு முறையோ இன்றும் வழங்குகின்றது.

1953இல் ஸ்ரௌடிங்கருக்கு நோபெற் பரிசு கிடைத்தது. விலைமிகு கருவிகள் வாய்க்கப்பெறாத ஆய்வுகூடத்து மாணாக்கர் இவ்வரலாற்றை நினைவிற் கொள்வாராக.