மும்பைப் பாறைகளின் தனி வயது

அந்தேரியில் குடியிருப்புகளுக்கு நடுவே ஏறத்தாழ 200 அடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது கில்பர்ட் குன்று. தூண் தூணாகப் பிளவுண்ட கரும் பசால்ட். அதைப் பற்றிய செய்திகளில் 6.6 கோடி ஆண்டு என்ற எண்ணும், டைனோசர்களின் அழிவைக் கண்ட பாறை என்ற பெருமையும் அடிக்கடி இடம்பெறுகின்றன. தக்காணத்தின் வயதை அப்படியே மும்பைக்கும் ஏற்றிச் சொல்வதால் நேரும் பிழை இது. இரண்டையும் பிரித்துக் காட்டியது புவிவேதியியல். அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின.

1922இல் அமெரிக்கப் பாறையியலாளர் ஹென்றி வாஷிங்டன் தக்காணப் பாறைகளின் வேதிப் பகுப்பாய்வுகளை வெளியிட்டார். அந்தப் பரந்த எரிமலைப் பரப்பு பெரிதும் ஒரே சீரானது என்னும் எண்ணம் அதனால் வலுப்பெற்றது. மும்பை அந்தச் சீர்மைக்குள் அடங்கவில்லை. நகரின் பழைய கட்டடங்களுக்கு மஞ்சள் நிறம் தந்த மாலாட் கல் பசால்ட் அன்று, டிராக்கைட். சால்செட் தீவில் ரையோலைட்டும் உண்டு. அதில் சிலிக்கா 70 விழுக்காட்டைத் தாண்டும், பசால்ட்டிலோ 50 விழுக்காட்டு அளவிலேயே நிற்கும். பீடபூமியில் ஏறக்குறையக் கிடைமட்டமாகக் கிடக்கும் லாவா அடுக்குகள் இங்கே மேற்கு நோக்கி, கடற்பக்கமாகச் சாய்கின்றன. செம்பூர், மாட்டுங்கா, தாராவித் தமிழர்களின் காலடியில் இருப்பதும் இந்தச் சிக்கலான நிலமே. தாராவியில் உப்பங்கழிச் சேறும் நிரப்புமண்ணும் அதை மறைத்துவிட்டன. மும்பை தூய சவேரியார் கல்லூரியின் ஆர். என். சுகேஸ்வாலா, ஆரி போல்டர்வார்ட்டுடன் இணைந்து 1958இல் பம்பாய்ப் பகுதி பசால்ட்டுகளைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். உள்ளூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து தொடங்கிய அந்த மரபின் மதிப்பு இன்னும் முழுமையாக உணரப்படவில்லை.

1980களில் ஓரிடத்தான்கள் துணைக்கு வந்தன. ருபீடியம் 87 சிதைந்து ஸ்ட்ரான்சியம் 87 ஆகிறது. பழைய கண்ட மேலோட்டில் ருபீடியம் மிகுதி. ஆகவே, மேலெழும் பாறைக்குழம்பு அந்த மேலோட்டைக் கரைத்து உட்கொண்டால், அதன் ஸ்ட்ரான்சியம் 87/86 விகிதம் உயரும். மேற்குத் தொடர்ச்சி மலையில், கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் கரிய அடுக்குகளைக் காக்ஸ், ஹாக்ஸ்வொர்த் முதலியோர் வேதியியல் அடையாளங்களைக் கொண்டே வகைபிரித்தனர். அம்பேனலி அடுக்கில் அவ்விகிதம் 0.704 அளவில் உள்ளது. புஷே அடுக்கில் 0.71ஐத் தாண்டுகிறது. ஒன்று மேலோட்டுக் கலப்பு மிகக் குறைந்தது, மற்றது மிகுந்தது. கோதாவரிக் கரையில் ராஜமுந்திரி அருகே கிடக்கும் பாறைகள், ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் மேற்கேயுள்ள இம்மலை அடுக்குகளோடு பின்னர் இணைத்துப் பேசப்பட்டதும் இத்தகைய அடையாளங்களால்தான்.

அதே முறையை லைட்ஃபுட், ஹாக்ஸ்வொர்த், சேத்னா ஆகிய மூவரும் 1987இல் மும்பையின் ரையோலைட், டிராக்கைட் பாறைகளுக்குப் பொருத்தினர். சிலிக்கா மிகுந்த பாறை என்றதும் பழைய கிரானைட் மேலோடு உருகியதன் விளைவு என்று கருதுவது எளிது. ரையோலைட்டுகளைப் பொறுத்தவரை அவர்கள் கண்ட விடை வேறு: பசால்ட் வகைப் பொருளே ஆழத்தில் பகுதியளவு மீண்டும் உருகியிருக்கிறது.

மூலம் ஒருவாறு தெரிந்தது, காலம் தெரியவில்லை. பொட்டாசியம் 40 சிதைந்து உருவாகும் ஆர்கான் 40, குழம்பு உருகிய நிலையில் தப்பிவிடும். உறைந்தபின் படிகங்களுக்குள் சிறைப்படும். பாறைத் துணுக்கை அணு உலையில் நியூட்ரான்களுக்கு உட்படுத்தினால் அதிலுள்ள பொட்டாசியம் 39 ஆர்கான் 39ஆக மாறும். பிறகு படிப்படியாகச் சூடேற்றி, வெளிவரும் இரு ஆர்கான்களின் விகிதத்தை அளந்தால் வயது கிடைக்கும். இந்தியாவில் இவ்வகைப் பணிக்கு நெடுங்காலம் பயன்பட்ட உலைகளில் ஒன்று, 1956இல் இயங்கத் தொடங்கிய அப்சரா. அது இருந்த இடம் செம்பூரை அடுத்த டிராம்பே.

ஹேது ஷேத், காஞ்சன் பாண்டே, ராஜ்நீஷ் பூட்டானி ஆகியோர் 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். மனோரி, சாக்கிநாக்கா டிராக்கைட்டுகளுக்குக் கிடைத்தவை 6.04, 6.18 கோடி ஆண்டுகள். கில்பர்ட் குன்றுக்கு 6.05 கோடி ஆண்டுகள், பிழை வரம்பு 12 லட்சம் ஆண்டுகள். தக்காண லாவாவின் பெரும்பகுதி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் பொழிந்து முடிந்தது. இடைவெளி சுமார் 55 லட்சம் ஆண்டுகள். பிழை வரம்பு அதை விழுங்கிவிட முடியாது. கில்பர்ட் குன்று உறைந்தபோது டைனோசர்கள் மறைந்து நெடுங்காலம் ஆகியிருந்தது.

மேலோடு பிளந்த காலத்தோடு இந்த வயதுகளை வைத்துப் பார்த்தால் மும்பையின் தனித்தன்மைக்குக் காரணம் புலப்படுகிறது. பாண்டே, யதீஷ், ஷேத் ஆகியோர் 2017இல் மும்பையின் தோலியைட் வகைப் பாறைகளுக்கு 6.25 கோடி ஆண்டு என்ற வயதை நிறுவி, அதை இந்தியாவிலிருந்து லட்சுமி முகடும் சீஷெல்ஸும் பிரிந்த நிகழ்வோடு இணைத்தனர். அடுக்குகளின் மேற்குச் சாய்வும் அப்பிளவோடு தொடர்புடையது.

கில்பர்ட் குன்று 2007இல் இரண்டாம் தர மரபுச் சின்னமாக மாநகராட்சியால் அறிவிக்கப்பட்டது. சாக்கிநாக்காவின் டிராக்கைட்டுக்கு அத்தகைய காப்பு இல்லை. அங்கே இப்போது தொழிற்கூடங்களும் மெட்ரோ நிலையமும் இருக்கின்றன.