நீலப் புகாரின் வரலாறு

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் நின்று, வெயில் ஏறிய வேளையில் படுவான்கரைப் பக்கம் நோக்குவார்க்கு, வயல்களுக்கப்பால் காடும் குன்றும் மெல்லிய நீலத்திரை போர்த்தாற்போலத் தோன்றும். சேனைக்குத் தீயிட்ட புகையென்று அதனைச் சிலவேளை கொள்ளலாம். ஆயின் தீயில்லாத நாளிலும் அது தோன்றும். அந்நீலத்தில் ஒரு பங்கு காற்றுக்கே உரியது. மற்றொரு பங்கு மரங்களுக்கு உரியதென்பதை உலகம் அறிய நெடுங்காலம் சென்றது.

1869ஆம் ஆண்டிலே ஜோன் திண்டல் என்னும் அறிஞர், கண்ணாடிக் குழாயில் சில ஆவிகளை அடைத்து ஒளியைச் செலுத்தியபோது, உள்ளே நீலமுகில் உண்டாகக் கண்டார். மிக நுண்ணிய துகள்கள் நீல ஒளியையே மிகுதியாகச் சிதறச் செய்கின்றன என்பது இவ்வாறு புலனாயிற்று. எனினும், காட்டின்மேல் அத்துகள்கள் எவ்வாறு தோன்றின?

விடை கூற முன்வந்தவர் வானிலை அறிஞரல்லர், தாவரவியலார். ஒல்லாந்தில் பிறந்த பிரிட்ஸ் வென்ட் இளமையில் யாவாத் தீவில் பணியாற்றியவர்; வெப்பநாட்டுக் காட்டை நேரிற் கண்டவர். இலைகளிலிருந்து எழும் தெர்ப்பீன் ஆவிகளே நீலப் புகாராகின்றன என்று அவர் 1960இல் எழுதினார். எலுமிச்சை இலையைக் கசக்கும்போது மணப்பவை இவ்வினத்தைச் சேர்ந்தவையே. காற்றிலுள்ள ஓசோன் முதலியவை அவ்வாவியைத் தாக்க, அது பிராணவாயுவை ஏற்றுக் கனத்து, ஆவியாய் நிற்கும் தன்மையை இழக்கிறது. தம்முள் திரண்டும், கடலுப்புப் போன்ற மிதக்கும் துணிக்கைகளின்மேற் படிந்தும் துகளாகிறது. முகிலின் நீர்த்துளிகள் இத்தகைய துகள்களைப் பற்றியே உருவாகின்றன.

இதற்கு மூன்றாண்டு முன்னரே, 1957இல், யோர்ஜியா நாட்டுச் சனாட்சே இலைகள் ஐசோப்பிரீன் என்னும் ஆவியையும் வெளிவிடுவதைக் கண்டிருந்தார். இன்றைய கணக்கில் உலகத் தாவரங்கள் ஆண்டுதோறும் விடும் ஐசோப்பிரீன் ஏறத்தாழ 50 கோடி தொன். இது துகளாகாது என்றே நெடுநாள் எண்ணப்பட்டது. 2004இல் அமேசன் காட்டுத் துகள்களை ஆராய்ந்தோர், ஐசோப்பிரீனிலிருந்து விளைந்த பொருள்களை அவற்றிற் கண்ட பின்னரே அவ்வெண்ணம் மாறிற்று.

வாவிக்குத் தென்மேற்கே, அன்று மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இங்கினியாகலையில், கல்லோயாத் திட்டம் தொடங்கியது 1949இல். சனாட்சேயின் கண்டுபிடிப்புக்கு எட்டாண்டு முன்னர்! வெட்டப்பட்ட பெருங்காட்டை மரமாகவும் நிலமாகவும் மதிப்பிட இயன்றது. அதன் மூச்சை மதிப்பிட அன்று எவரிடமும் அறிவில்லை. காடு நின்ற பரப்பிற் பெரும்பகுதி நெல்வயலாயிற்று. நெல்லோ, ஐசோப்பிரீனை மிகச் சிறிதளவே வெளிவிடும் பயிர்.