தாய்மாமன் வீட்டுப் பிள்ளைகள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு சமோவா இளைஞன் எதிராளியைச் சாய்த்துவிட்டால் போதும், "போர்வீரர் பரம்பரை, ரத்தத்திலேயே இருக்கிறது" என்று டிவியில் ஆரம்பித்துவிடுவார்கள். சியாட்டிலில் பல வருஷமாக இந்த ஆட்டத்தைப் பார்த்துவரும் எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே கோபம் வரும். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் இந்த ஆட்டத்துக்குச் சமோவா இளைஞர்களைக் கொண்டுவந்து சேர்த்தது ரத்தம் அல்ல, வீடு.

அமெரிக்க சமோவா 1900 முதல் அமெரிக்கக் கடற்படையின் நிர்வாகத்தில் இருந்த தீவுக்கூட்டம். இன்றும் ஜனத்தொகை சுமார் 50,000தான். 1951இல் பாங்கோ பாங்கோவிலிருந்த தளத்தைக் கடற்படை மூடியதும் அதை நம்பியிருந்தவர்களின் பிழைப்பு போயிற்று. மறு வருஷமே ஏறத்தாழ ஆயிரம் பேர் கடற்படைக் கப்பலில் ஹவாய்க்குப் போனார்கள். பிறகு சான் டியாகோ, லாங் பீச், சியாட்டில் என்று துறைமுகங்களும் ராணுவ முகாம்களும் இருந்த ஊர்களுக்குப் பரவினார்கள். முதலில் வந்தவர் வீட்டில்தான் அடுத்து வந்தவர் இறங்கினார். ஐங்கா என்கிற அந்தப் பெருங்குடும்பத்தில் ஒருவர் சம்பாத்தியம் எல்லோருக்கும் பொது. ஒருவர் கல்லூரிக்குப் போன வழியும் அப்படித்தான் மற்றவர்களுக்கும் பொதுவாயிற்று.

எங்கள் ஊர்ப்பக்கம் வளர்ந்த ஜாக் தாம்ப்சன், வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக். 1979இல் தொழில்முறை அணிகள் ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது மூன்றாவது ஆளாகப் போனார். சமோவாக்காரர் என்றால் முட்டி மோதத்தான் லாயக்கு என்றிருந்த காலத்தில், பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்தியவர் அவர். 28 வருஷம் கழித்து, அவருடைய உடன்பிறப்பின் மகன் டவீட்டா பிரிச்சர்ட் ஸ்டான்ஃபோர்டுக்காக முதல் தடவையாகத் தொடக்கத்திலேயே களமிறங்கினார். எதிரணி பலம் மிகுந்த யுஎஸ்சி. 41 புள்ளி வித்தியாசத்தில் ஸ்டான்ஃபோர்டு தோற்கும் என்று கணித்திருந்தார்கள். 49 நொடி மிச்சமிருக்க, கடைசி வாய்ப்பில் பிரிச்சர்ட் எறிந்த பந்து எல்லைக்குள் பிடிபட்டது. 24–23, ஸ்டான்ஃபோர்டு வெற்றி!

அதே 1979இல் யுசிஎல்ஏ மாணவர் மானு டுயாசோசோப்போ எங்கள் ஊர்த் தொழில்முறை அணியான சியாட்டில் சீஹாக்ஸுக்கு வந்தார். அவர் பிள்ளைகளில் மார்க்கஸ், வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காக 1999இல் ஒரே ஆட்டத்தில் 302 கஜம் எறிந்து 207 கஜம் ஓடினார். அதற்குமுன் பெரிய கல்லூரி ஆட்டத்தில் யாரும் 300, 200 இரண்டையும் ஒருசேரத் தொட்டதில்லை. தம்பி ஸாக்கும் அதே அணியில் ஆடினார். சகோதரி லெஸ்லி அதே பல்கலைக்கழகத்தில் வாலிபால் ஆடி, பிறகு பயிற்சியும் தந்தார்.

இன்னொரு சமோவா ஆட்டக்காரர் டிராய் பொலமாலுவின் கதை தமிழர்களான நமக்கு இன்னும் நெருக்கம். கலிபோர்னியாவில் பையன் கெட்டுப்போய்விடக் கூடாதென்று ஒரேகனில் டென்மைல் என்ற சிற்றூரிலிருந்த தாய்மாமன் வீட்டில் விட்டார்கள். இன்னொரு மாமா கென்னடி யுஎஸ்சியில் ஆடியவர். டிராயும் அங்கேதான் போய் ஆடினார். அவர் புகழ் பெற்றதும் தாய்வழிப் பெயரில்தான்.

இந்தக் குடும்பப் பிணைப்பை மைதானத்திலேயே பார்க்கலாம். இங்கே சியாட்டிலில் பள்ளிக் கால்பந்து சீசன் முடியும் இரவில், மிட்டாயும் சாக்லேட்டும் கோத்த மாலைகளை அத்தைமாரும் பாட்டிமாரும் பையன் கழுத்தில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். மாலை ஏறி வாயை மறைத்து மூக்கைத் தொடும். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வலிக்கிறது என்று ஒரு பையன் சொல்வது சுலபமில்லை.

அதுதான் என் கவலை. இந்தச் சமூகம் தலையில் வைத்துக் கொண்டாடிய ஆட்டக்காரர் ஜூனியர் செயாவ், கலிபோர்னியாவின் ஓஷன்சைடிலிருந்து யுஎஸ்சிக்குப் போனவர், 2012இல் 43 வயதில் தற்கொலை செய்துகொண்டார். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைநோய் அவருக்கு இருந்ததை ஆய்வு உறுதிசெய்தது. பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புமுன் மாமன்மாரும் பெரியப்பாமாரும் இதையும் கூடி உட்கார்ந்து பேச வேண்டும்.