தருமபுரி மாவட்டப் பெண்களும் விளையாட்டும்: சமூகக் காரணிகள்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004-இல் கிருஷ்ணகிரி இதிலிருந்து தனி மாவட்டமானது. பெரும்பாலும் கிராமப்புறமான இம்மாவட்டத்தில் ஒரு பெண் தொடர்ந்து விளையாடுவதைத் திறமையோடு குடும்பம், வேலை, பாதை ஆகியவையும் தீர்மானிக்கின்றன.

பின்னணி: பெண்சிசுக் கொலையால் அறியப்பட்ட பகுதிகளுள் தருமபுரியும் ஒன்று. வளர்க்க விரும்பாத குழந்தையைப் பெற்றோர் அரசிடம் ஒப்படைக்க வழிசெய்து 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் இங்கும் விரிவுபடுத்தப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 946 பெண்கள். மாநில அளவில் 996.

பருவ வயது: தொடக்கப் பள்ளியில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஓடுகிறார்கள். பெண் வயதுக்கு வந்து, மஞ்சள் நீராட்டு முடிந்ததும் அரைக்கால் சட்டையும் வெளியூர்ப் போட்டியும் வீட்டில் கேள்விக்குள்ளாகின்றன. "வெயிலில் கறுத்துவிடுவாள்", "அடிபட்டால் யார் கட்டிக்கொள்வார்கள்" என்ற பேச்சு எழுகிறது. இளவயதுத் திருமணம் நடந்தால் விளையாட்டு அத்தோடு நின்றுவிடுகிறது. மாதவிடாய் நாட்களுக்கேற்ற கழிப்பறை மைதானத்தில் இல்லாததும் பயிற்சியைத் தடுக்கிறது.

நேரமும் தொலைவும்: பெற்றோர் பெங்களூரு, திருப்பூர் பக்கம் பிழைக்கப் போகும் வீடுகளில் சமையலும் தம்பி தங்கைகளும் மூத்த மகளின் பொறுப்பாகின்றன. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களில், மாலைப் பயிற்சி முடிந்து இருட்டுவதற்குள் வீடு திரும்புவதே பெரும்பாடு.

உடல்நலம்: தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. இரும்புச்சத்துக் குறைந்த உடல் விரைவில் களைப்படையும். களைப்பைச் சோம்பலென்று பிறர் நினைப்பதும் உண்டு.

ஊர்ப்பேச்சு: புதுக்கோட்டை மாவட்டத்தின் செங்கல் சூளைத் தொழிலாளர் மகளான சாந்தி சௌந்திரராஜன், 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பின் பதக்கம் பறிக்கப்பட்டது. வறுமையைத் தாண்டி வந்த பெண்ணையும் உடலைப் பற்றிய பேச்சு எவ்வளவு காயப்படுத்தும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

ஆதரவுகள்: உடற்கல்வி ஆசிரியை வீட்டுக்கே வந்து பேசினால் பெற்றோர் மனம் இளகுகிறது. 1992-இல் உருவான தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் உணவும் பயிற்சியும் ஒரே இடத்தில் தருகின்றன. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீடு, விளையாட்டைப் பிழைப்புக்கான வழியாகப் பெற்றோருக்குக் காட்டுகிறது. விலையில்லா மிதிவண்டியும் நகரப் பேருந்தில் மகளிருக்கான கட்டணமில்லாப் பயணமும் தொலைவைச் சற்றுக் குறைத்துள்ளன.

பள்ளிக்கு அருகிலேயே மைதானம், பெண் பயிற்சியாளர், பாதுகாப்பான மாலைப் பேருந்து ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் ஊரில், பெண்கள் பத்தாம் வகுப்புக்குப் பின்னும் விளையாடுவார்கள்.